பதினோராவது பொருத்தம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்த ஊருக்கு, பதினோராவதாக ஒன்றைச் சேர்த்துவிட்ட மகராசி நான்தான். பெயர் பூங்கோதை. மூளை வளர்ச்சியில் முனைவர் பட்டம். கோயம்புத்தூர் அவினாசி சாலையில் சொந்தமாக ஓர் ஆய்வுக்கூடம். வாசலில் பெயர்ப்பலகை, உள்ளே ஏ.சி., நுண்ணோக்கி, எல்லாம் உண்டு. ஆனாலும் பக்கத்து ஸ்டாண்டில் ஆட்டோக்காரரிடம் வழி கேட்டுப் பாருங்கள். "அந்த மூளை ஜோசியக்காரம்மா ஆபீஸுங்களா?" என்றுதான் கேட்பார்.

சத்தியமாக நான் ஜோசியம் பார்க்க வந்தவள் இல்லை. நாலைந்து வயதாகியும் நடக்க வராமல் தள்ளாடும் குழந்தைகளுக்காக வந்தவள். சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்ட சில குடும்பங்களில் அப்படிப் பிள்ளைகள் பிறந்தன. மூளைச் செல்களின் மேல் இருந்து சேதி வாங்கவேண்டிய ஓர் ஏற்பி அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. அடுத்த குழந்தைக்கும் இப்படி ஆகுமா என்று பெற்றவர்கள் கேட்டார்கள். அதற்காகத்தான் மூளைத் துளியைக் கண்டுபிடித்தேன். புருஷன் செல்லிலிருந்து பாதி மரபுப் பொருள், பெண்டாட்டி செல்லிலிருந்து பாதி. சேர்த்துத் தட்டில் வளர்த்தால் மிளகு அளவுக்கு ஒரு துளி வரும். அது நினைக்காது, அதற்கு வலிக்காது. மூளைச் செல்கள் ஒழுங்காக அடுக்கில் போய் நிற்கின்றனவா என்று மட்டும் காட்டும். ஒரு தம்பதிக்குப் பல துளிகள் வளர்த்து, எத்தனை சரியாக வருகின்றன என்று எண்ணிவிடலாம்.

இதுவரைக்கும் நல்ல கதை. இந்த இடத்தில் கல்யாணத் தரகர் தங்கவேல் உள்ளே வந்தார்.

"ஏனுங் டாக்டரம்மிணி, இதைக் கல்யாணத்துக்கு முன்னாலயே பாத்துப்போட்டா என்னங்க?"

அப்போதே அவரை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். நான் எழுந்து நின்று, "அருமையான யோசனைங்க!" என்றேன். அறிவாளி இல்லையா.

அடுத்த தை மாதம் ஆய்வுக்கூடத்து வாசலில் செருப்பு குவிந்தது. வெற்றிலைப் பாக்கு, பூ, பழத்தட்டோடு வந்தார்கள். தூசி உள்ளே போகக்கூடாதென்று செருப்பைக் கழற்றச் சொன்னேன். அவர்கள் அதைக் கோயில் என்று எடுத்துக்கொண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்கள். நானும் தடுக்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, சுகமாகத்தான் இருந்தது.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் நன்றாக நினைவிருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மா ஆரம்பித்தார்.

"இந்த நோட்டீஸுல கொழுப்புப் புரத ஏற்பின்னு போட்டிருக்கீங்களே, அது என்னங்க?"

"ரத்தத்துல கொழுப்பைச் சுமந்துட்டுப் போற துகள்களைப் புடிச்சு உள்ள இழுக்கற கொக்கிங்க. செல்லோட தோல்மேல இருக்கும்."

"கொழுப்புத்தானுங்களா? என்ற பையனுக்கு அது எச்சாவே இருக்குது," என்றார் அப்பா. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

"அதே கொக்கிதானுங்க, கருவுல மூளை வளர்றப்ப வேறொரு வேலை பாக்குது. மூளைச் செல்லெல்லாம் அடியில பொறந்து மேல ஏறிப் போகும். டவுன் பஸ்ஸுல ஏறுற ஆளுகளாட்டம். முன்ன ஏறுனவங்க ஒரு எடத்துல நின்னுக்குவாங்க. பின்ன வர்றவங்க அவங்களைத் தாண்டிப் போயி நிக்கணும். மேல ரீலின்னு ஒரு புரதம் கண்டக்டராட்டம் நின்னுட்டு, 'வா, வா, போதும், அங்கயே நில்லு'ன்னு சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேக்கற காதுதானுங்க இந்தக் கொக்கி."

"காது கேக்கலீன்னா?" என்றார் பெண்ணின் அம்மா.

"எங்க நிக்கறதுன்னு தெரியாம ஒண்ணுமேல ஒண்ணு குவிஞ்சிரும். கொழந்தை நடக்க வருசக்கணக்காகும். பேச்சும் பிந்தும்."

"பரிகாரம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. முன்னாடியே தெரிஞ்சா கர்ப்பத்துலயே ஒரு ஊசி போட்டுச் சரி பண்ணிரலாம். அதுக்குத்தானுங்க இந்தச் சோதனையே."

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பாவமாகப் பார்த்தார். "ஊசியெல்லாம் எதுக்குங்க? சந்தேகம்னா வேற பொண்ணு பாத்துக்கறோம்."

அந்த நிமிஷமாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அடுத்தவர்களைக் கூப்பிடச் சொல்லி மணியடித்தேன்.

பொருந்துகிறதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? ஒப்பிட்டுப் பார்க்க இயல்பான ஒருவருடைய துளி வேண்டும். வெளிநாட்டிலிருந்து சான்றிதழோடு செல்கள் வரவழைக்கலாம். சுங்கத்தில் பெட்டி கிடந்து கிடந்து செல்கள் செத்துப்போகும். 'இதற்கென்ன இவ்வளவு அலைச்சல், நான் இல்லையா?' என்று என் கையிலிருந்தே ஒரு சிட்டிகை தோலை எடுத்துக் கொடுத்தேன். எனக்கு என்ன குறை? ஒரு நோய் நொடி கிடையாது. பள்ளிக்கூடத்திலிருந்து முதல் மதிப்பெண். என் துளியும் என்னை ஏமாற்றவில்லை. அடுக்குகள் இஸ்திரி போட்ட புடவை மடிப்பு மாதிரி வந்தன. ஒரு செல்கூட வரிசை தாண்டவில்லை. படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டினேன். மற்றவர்களுடைய துளிகளில் அங்கங்கே சில செல்கள் நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டி அலைந்துகொண்டிருக்கும். என்னுடையதைவிட அலைச்சல் கூடுதலாகத் தெரிந்தால் 'சந்தேகம்' என்று எழுதினேன். ஊர் அதைப் 'பொருந்தவில்லை' என்று படித்தது. நூற்றுக்கு ஒரு ஜோடிதான் தேறியது; அதனாலேயே என் மவுசும் கூடியது.

இந்தப் பெருமையில் எனக்கு முப்பத்தாறு வயதானதைக் கவனிக்கவில்லை. அம்மா கவனித்தார்.

"ஊருக்கெல்லாம் பொருத்தம் பாக்கற. உனக்குப் பாக்க எந்த டாக்டரைக் கூட்டிட்டு வரோணும்?"

அம்மாவே கூட்டிவந்தார். தாய்மாமன் மகன் திருமூர்த்தி. உடுமலைப்பேட்டையில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். சின்ன வயதில் திருவிழாவில் பார்த்ததோடு சரி. காபி டம்ளரைக் கையில் வாங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "உன் கையெழுத்து நல்லா இருந்துச்சு, கோதை."

"என் கையெழுத்தை எங்க பாத்தீங்க மச்சான்?"

"ரெண்டு வருசம் முன்னால தாராபுரத்துல ஒரு பொண்ணு பேசுனாங்க. உன்ற ஆபீஸுலதான் பொருத்தம் பாத்தோம். 'சந்தேகம்'னு போட்டு அடியில நீதான் கையெழுத்து போட்டிருந்த."

எங்கள் கூடத்தில் என் கைக்கு வரும் தட்டில் பெயர் கிடையாது, எண்தான்; பெயரெல்லாம் வாசல் பதிவேட்டோடு சரி. அதனால் எனக்குத் தெரியாது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவரோ சிரித்துக்கொண்டே முறுக்கை எடுத்துக் கடித்தார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. சுற்றி வளைப்பானேன், நேராகவே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். நான் எட்டுப் போடப் போய், அவருடைய ஸ்கூல் போர்டையே இடித்துச் சாய்த்தேன். "போர்டு கெடக்குது, நீ அடுத்த எட்டைப் போடு" என்றார். இந்த வயதில் என்னைப் பார்த்துப் பயப்படாமல் சிரிக்கிற ஒரு ஆம்பிளை கிடைப்பது லேசா? ஆவணியில் கல்யாணம் என்று அம்மா முடிவே செய்துவிட்டார்.

ஆனால் பதினோராவது பொருத்தத்தைக் கண்டுபிடித்தவள், அதுவும் சொந்தத்துக்குள்ளேயே கட்டப்போகிறவள், அதைப் பார்க்காமல் கழுத்தை நீட்ட முடியுமா? அவரிடம் கேட்கக் கூச்சம். அவர் குடித்து வைத்த காபி டம்ளர் விளிம்பிலிருந்து செல்களைத் துடைத்து எடுத்துக்கொண்டேன். திருட்டு என்றுதான் அதற்குப் பெயர்.

துளிகள் வளர்ந்தன. எண்ணிப் பார்த்தேன். வரிசை தாண்டிய செல்கள் நிறைய. பொருந்தவில்லை.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் வெட்கக்கேடு. யாருக்காகவும் செய்யாத ஒன்றை எனக்காகச் செய்தேன். சோதனையையே சந்தேகப்பட்டேன். எத்தனையோ பேரை 'சந்தேகம்' என்று எழுதி அனுப்பியபோது ஒரு நாளாவது, 'ஒருவேளை நம் அளவே தப்போ?' என்று தோன்றியதா? எனக்கென்று வந்ததும் உடனே தோன்றியது. கட்டடத்தில் இருந்த எல்லோரையும் வரிசையில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னேன். வாட்ச்மேன், கேன்டீன் மாஸ்டர், மேல்மாடிச் சீட்டுக் கம்பெனிக்காரர்கள், யாரையும் விடவில்லை. அவரவர் செல்லிலிருந்து அவரவர் துளி.

ஒருவர்கூடத் தேறவில்லை. வாட்ச்மேன் அவருக்கே பொருந்தவில்லை.

எல்லோருடைய துளிகளிலும் செல்கள் ஒன்றுபோல லேசாக அலைந்தன. அலையாத துளி ஒன்றே ஒன்றுதான். சுவரில் மாட்டியிருந்தது. என் மரபணுவைப் பிரித்துப் பார்த்தேன். அந்த ஏற்பியைச் செய்கிற மரபணு எல்லோருக்கும் இரண்டு பிரதி. எனக்கு மூன்று. அதாவது, என் செல்களுக்குக் காது கூடுதல். கண்டக்டர் 'போதும்' என்று வாயெடுக்கும் முன்பே அவை நின்றுவிட்டிருக்கின்றன. ஊரில் யாரும் என் அளவுக்கு இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது முழுக்கச் சரி. அதுதான் கோளாறு.

அப்படியானால் நான் திருப்பியனுப்பியவர்களில் நிஜமாகவே ஏற்பி இல்லாத துளி வந்த சிலரைத் தவிர மற்ற எல்லோரும் பொருந்துகிறவர்கள். பழைய துளிப் படங்களை எடுத்து முதலில் திருமூர்த்தியுடையதைப் பார்த்தேன். அவரும் தாராபுரத்துப் பெண்ணும் அச்சாகப் பொருந்தினார்கள்.

இதை அவரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று தங்கவேல் ஒருதரம் சொல்லியிருந்தார். 'சந்தேகம்' என்ற முத்திரை விழுந்தபிறகு வரன் யாரும் அந்தப் படியேறவில்லையாம். நான் வாயைத் திறந்தால் என் கல்யாணம் போய்விடும். திறக்காவிட்டால்? எனக்கு அவரை விட மனசில்லை. அன்றைக்கு முழுவதும் சோறு இறங்கவில்லை. மறுநாள் கார் ஓட்டப் போன இடத்தில், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது.

"அப்ப கோகிலாவுக்கு ஒண்ணுமே இல்லையா?"

தாராபுரத்துப் பெண்ணின் பெயர் கோகிலவாணி. அவர் கோகிலா என்றார்.

"இல்லீங்க மச்சான். போயி சொல்லிப்போட்டு வரலாம். நானும் வர்றேன்."

கோகிலவாணி கால்நடை மருத்துவர். நாங்கள் போனபோது ஒரு காங்கேயம் பசுவுக்குப் பின்னால் நின்று, தோள்வரை கையுறை போட்டுக் கர்ப்பம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். திருமூர்த்தியைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் மாறியது. "சித்த இருங்க, இதை அனுப்பிப்போட்டு வர்றேன்" என்றார்.

மாடு போனதும் கையுறையைக் கழற்றிக்கொண்டே நான் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"அளவுக்கு யாரோட செல்லை வெச்சிருந்தீங்க?"

"என்னோடதுங்க."

"வேற யாரோடது?"

"வேற இல்லீங்க."

"ஒத்த மாட்டைப் பாத்து இதுதான் காங்கேயம்னு நாங்க சொல்லமாட்டோமுங்க டாக்டர்."

திருமூர்த்தி தொண்டையைச் செருமினார். "கோகிலா, இப்பத் தடை ஒண்ணுமில்ல. நீ சரின்னா வீட்டுல பேசறேன்."

கோகிலவாணி கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"அன்னிக்குக் காயிதம் வேண்டாம்னுச்சு, போயிட்டீங்க. ஒரு போன்கூட இல்லை. இன்னிக்குக் காயிதம் வேணும்னுது, வந்துட்டீங்க. நாளைக்குப் பன்னெண்டாவதா இன்னொண்ணு கண்டுபுடிச்சாங்கன்னா? நான் அதுக்கும் காத்திருக்கணுமுங்களா?" குரல் உயரவேயில்லை. "ஊரெல்லாம் என்னைப் பொருந்தாதவன்னு சொன்னப்ப அழுதேனுங்க. நெசமாவே அழுதேன். அப்புறம் பழகிப்போச்சு. இப்ப என்ற வேலை, என்ற வீடுன்னு நல்லாத்தான் இருக்கறேன். நீங்க போயிட்டு வாங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க மட்டும் ஒண்ணு பண்ணுங்க டாக்டர். நீங்க போட்டது தப்புன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. எனக்கில்லை. என்ற தங்கச்சிக்கு வரன் பாக்கறோம். அக்காளுக்குப் பொருந்தலையாமேன்னு அவளையும் கேக்கறாங்க."

மாட்டு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து கோழி கிளறியது போல வந்தது.

திரும்பி வரும்போது திருமூர்த்திதான் ஓட்டினார். குண்டடம் ஊர் தாண்டியதும் சொன்னார்.

"அவ சொன்னது சரிதான், கோதை. நான் காயிதத்துக்குப் பயந்தவன்."

"காயிதத்தைக் குடுத்தவளே நான்தான்."

இன்னும் கொஞ்ச தூரம் போனபிறகு, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார். "ஆவணியில நமக்குப் பேசுனது இன்னும் இருக்குதா?"

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அங்க இல்லைன்னதும் இங்கயா? நான் என்ன உங்களுக்கு ஸ்டெப்னி டயரா?"

அவர் வண்டியை ஓரம்கட்டினார். "கேக்கறது கேவலமாத்தான் இருக்குது. ஆனா ஒண்ணு சொல்றேன். தப்பு பண்ணுன எடத்துல போயி நிக்கணும்னு தோணுச்சு. அங்க நின்னப்ப, என்னை அறியாம அவளைக் கேட்டுப்போட்டேன். அவ வேண்டாம்னப்ப மனசு கனத்துப்போச்சுன்னு நெனச்சியா? லேசாயிருச்சு. அதுலதான் எனக்கே தெரிஞ்சுது." கொஞ்சம் நிறுத்தி, "நமக்குப் பாத்தியா?" என்றார்.

"எதை?"

"நடிக்காத."

"பாத்தேன். உங்க காபி டம்ளர்ல இருந்து எடுத்தேன்."

"அடிப்பாவி!" என்று வாய்விட்டுச் சிரித்தார். "என்ன வந்துச்சு?"

"பொருந்தலை. ஆனா அது பழைய அளவு. புது அளவுல இன்னும் எண்ணலை."

"எண்ணாத. ஒருக்காக் காயிதத்தைப் பாத்துட்டுப் போனவன் நான். இந்தத் தடவை பாக்காம வர்றேன்."

சரி என்று தலையாட்டினேன். மறுவாரம் ஆய்வுக்கூடத்தில் பொருத்தம் பார்ப்பதை நிறுத்தினேன். 'சந்தேகம்' என்று அனுப்பிய வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போன் செய்தேன். சிலர் திட்டினார்கள். சிலர் வேறு இடத்தில் கட்டிக்கொடுத்துப் பேரனே பிறந்துவிட்டான், இனிமேல் இதைச் சொல்லாதீர்கள் என்று கும்பிட்டார்கள். ஒரு பெண் ஒன்றும் பேசாமல் போனை வைத்தாள். அதுதான் இன்னும் உறுத்துகிறது. தங்கவேல் நேரில் வந்து, "ஏனுங்க அம்மிணி, யாரோட ஒப்பிட்டுப் பாத்தீங்க?" என்றார். சொன்னேன். "அட கெரகமே!" என்று தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் துளிகளை எண்ணினேனா என்று கேட்கிறீர்களா? எண்ணாதே என்றால் எண்ணாமல் இருக்க நான் என்ன சாதாரண மனுஷியா? அது இல்லை என்றுதான் நிரூபணமே ஆகிவிட்டதே.

கட்டடத்து ஆட்கள் எல்லோரையும் சேர்த்துப் புதிதாக ஓர் இயல்பு அளவு போட்டிருந்தேன். அதை வைத்துப் பார்த்தால், எங்கள் துளிகளில் பாதி நன்றாக இருந்தன. மீதிப் பாதியில் செல்கள் முன்கூட்டியே நின்றுவிட்டன. என் மூன்றாவது பிரதி அவற்றுக்குப் போயிருந்தது. திருமூர்த்தி பக்கம் ஒரு குறையும் இல்லை. முதல்முறையாக நேர்மையான அளவுகோல் ஒன்றைச் செய்தேன். அதில் தேறாதவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட வந்தார். அம்மா அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். மறைக்கத் தெம்பில்லாமல் சொல்லிவிட்டேன்.

"எண்ணாதன்னு சொன்னனே!"

"எண்ணிப்போட்டேன் மச்சான். நமக்குப் பொறக்கறதுல பாதிக்கு என்னோட கோளாறு வரும். அந்தப் புள்ளைக எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. உலகத்துலயே அப்படி ஒருத்திதான் தெரியும், அது நான்தான். நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க. நீங்க போறதுன்னா போலாம். நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்." கடைசியில் சொன்னது பச்சைப் பொய். குரல் உடைந்து காட்டிக்கொடுத்துவிட்டது.

அவர் தோசையைப் பிய்த்துச் சட்னியில் தொட்டார்.

"பாதி உன்னையாட்டம், பாதி என்னையாட்டம். ஊருல எல்லாப் புள்ளைகளும் அப்படித்தானே பொறக்குது?"

எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க அடுப்படிப் பக்கம் திரும்பினேன். அப்போதுதான், படித்தவளான எனக்கு அந்தக் கணக்கு முழுசாகப் புரிந்தது.

"அம்மா, இந்தக் கோளாறு உங்கிட்ட இருந்தோ அப்பாகிட்ட இருந்தோதான் எனக்கு வந்திருக்கணும். கல்யாணத்துக்கு முன்னால நீங்க ரெண்டு பேரும் எங்கிட்டப் பொருத்தம் பாக்க வந்திருந்தா, பொருந்தலைன்னு திருப்பி அனுப்பியிருப்பேன்."

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டார்.

"நல்லவேளை அம்மிணி, அப்ப நீ பொறக்கல."